கவனிப்பாரற்றுப் பருத்துப்போன நாயை மீட்டெடுப்பது எப்படி

வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிப்போட்டு, மிஞ்சியதையெல்லாம் தட்டில் கொட்டி வளர்த்த நாய் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பார்த்ததும் கண்ணில் படுவது அதன் பருமன். சாப்பாட்டைப் பாதியாக்கி, தினமும் நன்றாக நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தயவுசெய்து அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எடை அவசரமில்லை. அந்தக் கொழுப்பு சேரப் பல மாதங்கள் ஆகியிருக்கும். இன்னும் இரண்டு வாரம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதற்கடியில் மறைந்திருக்கும் வலியும் நோயும்தான் அவசரம். வளைந்த நகம் சதைக்குள் ஏறியிருக்கும் நாயை நடக்கச் சொல்வது கொடுமை. இதயப்புழு உள்ள நாயை ஓடவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் நோயும் வலியும், அடுத்து உணவு, அதன் பிறகுதான் நடை.

முதல் சில நாட்கள்

அமைதியான ஒரு அறை அல்லது மூலை போதும். வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனித்தனியாக வையுங்கள். தடுப்பூசி போட்டிருக்கிறதா, என்ன தொற்று இருக்கிறது என்று தெரியாத நாய் அது. தட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கை எல்லாம் தனியாக இருக்கட்டும்.

வழவழப்பான தரையில் கனத்த நாய்க்கு எழுந்து நிற்பதே போராட்டம். பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்கும். ஒருமுறை அப்படி விழுந்தால் பிறகு எழவே பயப்படும். அது நடக்கும் வழியெல்லாம் ரப்பர் விரிப்பு அல்லது வழுக்காத பாய் போடுங்கள். படுக்கையைக் கையால் அழுத்தினால் தரை தட்டக்கூடாது, அவ்வளவு தடிமன் வேண்டும். கடினமான தரையிலேயே படுத்துப் பழகிய நாய்களுக்கு முழங்கையில் காய்ப்பும், சில நேரம் நீர் கோத்த வீக்கமும் இருக்கும். அந்த வீக்கத்தை ஊசியால் குத்தி எடுக்க நினைக்காதீர்கள். நல்ல படுக்கை கிடைத்தாலே பல வீக்கங்கள் தானாக வடிந்துவிடும், குத்தினால் சீழ் பிடிக்கும்.

முன்பு என்ன சாப்பிட்டது என்று தெரிந்தால் முதல் சில நாட்கள் அதையே கொடுங்கள். தெரியாவிட்டால் வளர்ந்த நாய்களுக்கான சாதாரண உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு மூன்று நான்கு வேளையாகக் கொடுக்கலாம். பாவம் என்று கொழுப்பு மிகுந்த இறைச்சியோ எண்ணெய்ப் பண்டமோ போட்டுவிடாதீர்கள். பருத்த நாய்களுக்குக் கணைய அழற்சி வர வாய்ப்பு அதிகம், ஒரே ஒரு கொழுப்புச் சாப்பாடே அதைத் தூண்டிவிடலாம். சாப்பிடும்போது தட்டில் கை வைக்கவும் வேண்டாம். உணவுக்காகப் போட்டியிட்டு வளர்ந்த நாய் உறுமும், கடிக்கவும் செய்யும். அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பயம். எதையாவது அதனிடமிருந்து வாங்க வேண்டுமென்றால் வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் நீங்கள் குறித்து வைப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் அது இயல்பல்ல; சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறும் நோய்) என்று தேட வேண்டும். நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. 30க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் இதயமும் நுரையீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். படுத்திருந்து எழுவதையும், பத்தடி நடப்பதையும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பதற்றத்தில் நாய் நொண்டலை மறைத்துவிடும்.

மருத்துவரிடம் என்ன பார்க்க வேண்டும்

"வெயிட் மட்டும்தான் பிரச்சினை" என்று ஆரம்பிக்காதீர்கள். வயிறு பெரிதாக இருப்பதெல்லாம் கொழுப்பு என்று சொல்லிவிட முடியாது. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், சினையாக இருக்கலாம், கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்து, பிறப்புறுப்பில் சீழ் போல ஒழுகினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கியும் நாய் சாகலாம். அன்றைக்கே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

முழு ரத்த அணுப் பரிசோதனை, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர், மலம், இதயப்புழு, உண்ணிக் காய்ச்சல்கள், இவ்வளவும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. இதயப்புழுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வளர்ந்த புழுக்கள் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் குடியிருக்கும். அவை சாகும்போது துண்டுகளாகி நுரையீரலில் அடைக்கும், நாய் ஓடியாடினால் அடைப்பு இன்னும் மோசமாகும். அதனால் இதயப்புழு இருக்கும் நாய்க்குச் சிகிச்சைக் காலம் முழுவதும், பல மாதங்கள், கட்டாய ஓய்வு. அந்தக் காலத்தில் எடைக் குறைப்பு முழுக்க உணவாலேயே நடக்க வேண்டும், நடக்கவும் செய்யும். பரிசோதிக்காமல் இதயப்புழுத் தடுப்பு மருந்தைக் கொடுக்காதீர்கள். கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக் சாயல் தெரியும் நாயென்றால் சொறிக்கு ஐவர்மெக்டின் போடுவதற்கு முன் மருத்துவரிடம் அதை நினைவுபடுத்துங்கள். அந்த இனங்களில் பலவற்றுக்கு மரபணுக் குறைபாட்டால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடும்.

தைராய்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பருமன், சோம்பல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுவது, வாலில் முடியே இல்லாமல் போவது, எப்போதும் வெதுவெதுப்பான இடம் தேடுவது, இவையெல்லாம் தைராய்டு குறைந்ததன் அடையாளம்தான். ஆனால் வேறு நோய் இருந்தாலும் ரத்தத்தில் டி4 எனும் தைராய்டு ஹார்மோனின் அளவு தானாகவே இறங்கக்கூடும். ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் ஆகியவையும் இறக்கிவிடும். தோலில் சீழும் காதில் புண்ணுமாக வந்த நாய்க்கு டி4 மட்டும் பார்த்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்கிவிடக் கூடாது. டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) இரண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது மற்ற நோய்கள் தணிந்த பிறகு திரும்ப எடுக்க வேண்டும்.

பழைய வீட்டிலிருந்து மருந்துச் சீட்டு ஏதாவது வந்ததா என்றும் கேளுங்கள். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து இரண்டும் அகோரப் பசியைக் கிளப்பும். பருமனுக்கு அவையே காரணமாக இருக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடல் நிலைகுலையும், வலிப்பு மருந்தை நிறுத்தினால் தொடர் வலிப்பு வரும்.

நகம், முடி, தோல், காது, பல்

கட்டிப்போட்டே வளர்ந்த நாயின் நகம் தேய வழியில்லை. நீண்ட நகம் தரையில் முட்டும்போது விரலை மேலேயும் பக்கவாட்டிலும் தள்ளும், பாரம் முழுதும் மணிக்கட்டுக்குப் போகும். நொண்டலுக்கு மூட்டுத் தேய்மானம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி நொண்டல் நகத்தால் வந்திருக்கும். ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் நகத்தோடு அதன் உள்ளே ஓடும் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்து நீண்டிருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டினால் அந்தச் சதை மெல்லப் பின்வாங்கும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பு தெரியும், அதற்கு முன்னால் நிறுத்தலாம். கறுப்பு நகத்தில் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு போல வறண்டு வெளுத்திருக்கும். நடுவில் கருமையாக, ஈரப்பசையோடு ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோள மாவைக் கெட்டியாக அப்பி இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

காலின் உட்புறம் மேலே தனியாக இருக்கும் நகத்தைத் தடவிப் பாருங்கள். அது தரையைத் தொடுவதே இல்லை, எனவே வட்டமாக வளைந்து தன் விரலுக்குள்ளேயே துளைத்துப் போயிருக்கும். முடி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஏறியிருந்தால் வீட்டில் பிடுங்காதீர்கள். வலி மருந்தோடு மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

சடை பிடித்த நாயை வந்த அன்றே குளிப்பாட்டத் தோன்றும். செய்யாதீர்கள். தண்ணீர் பட்டால் சடை இறுகிவிடும், அடியில் ஈரம் தங்கித் தோல் அழுகும். முதலில் மெஷினால் தோலை ஒட்டிச் சிரைக்க வேண்டும், அப்புறம்தான் குளியல். கத்திரிக்கோலைத் தொடவே வேண்டாம். சடை இழுத்த இழுப்பில் தோல் அதனுள் கூடாரம் போல எழும்பியிருக்கும். முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடுவோம். சில நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் பிளேடை உங்கள் கையில் வைத்துப் பாருங்கள், சூடேறியிருந்தால் ஆறவிடுங்கள். சடைக்கடியில் புழு நெளிந்தால் அத்தோடு நிறுத்தி நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். காதில் கனமான சடை இருந்து எடுத்தபின் இரண்டு நாள் கவனியுங்கள். நாய் தலையை வேகமாக உதறிக்கொண்டே இருந்தால் காது மடலுக்குள் ரத்தம் கட்டி பலூன் போல வீங்கும்.

பருத்த நாயின் தோல் மடிப்புகள்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கழுத்தடி, அக்குள், வாலடி, பெட்டை நாய்க்குப் பிறப்புறுப்பைச் சுற்றி, எல்லா மடிப்பையும் விரித்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, பிசுபிசுப்பு, கருஞ்சிவப்பு இருந்தால் பாக்டீரியாவும் ஈஸ்டும் வளர்ந்திருக்கிறது. 2 முதல் 4 சதவீத குளோர்ஹெக்ஸிடின் உள்ள ஷாம்புவைத் தேய்த்து, கடிகாரம் பார்த்து 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை. கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது. ஷாம்பு போட்ட உடனே அலசிவிடுவதாலும், மடிப்பைத் துணியால் ஒற்றிக் காயவைக்காமல் விடுவதாலும்தான் பலருக்கு இது பலிப்பதில்லை. பெட்டை நாயின் பிறப்புறுப்பைக் கொழுப்பு மடிப்பு மூடியிருந்தால் சிறுநீர் அங்கேயே தங்கி அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். எடை இறங்கும்போது அது குறையும், அதுவரை தினமும் துடைத்து உலர்த்துங்கள்.

காதுக்கு எந்தச் சொட்டு மருந்தும் மருத்துவர் உள்ளே பார்க்காமல் விடாதீர்கள். நாள்பட்ட சீழில் செவிப்பறை கிழிந்திருக்கலாம்; சில மருந்துகள் உட்காதுக்குள் போனால் கேட்கும் திறனே போய்விடும்.

பல் விஷயத்தில் ஒரு குழப்பம் எப்போதும் வரும்: இவ்வளவு பருமனோடு மயக்க மருந்து கொடுக்கலாமா? கருத்தடை போலக் காத்திருக்கக் கூடியதை எடை ஓரளவு இறங்கியபின் செய்யலாம். சீழ் வைத்த பல்லும் ஆடும் பல்லும் அப்படியல்ல. இதயமும் ரத்தமும் பார்த்து, தகுந்த ஏற்பாட்டோடு எடுத்துவிடுவதே நல்லது. வாய் வலியோடு இருக்கும் நாயை மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

கணக்கு

இப்போது எடை. நாயின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடுவது வழக்கம். 4, 5 சரியானது, 9 மிக மோசமான பருமன். உங்கள் கையே இதற்கு நல்ல கருவி. கையை விரித்து, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழுள்ள எலும்புகளைத் தடவுங்கள். சரியான எடையுள்ள நாயின் விலா எலும்பு அப்படித்தான் தட்டுப்படும். முஷ்டி மடக்கி முட்டிகளைத் தடவினால் வருவது மெலிந்த நாய். உள்ளங்கைப் பக்கம் விரலடியைத் தடவுவது போல, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறதென்றால் பருமன்.

5க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்ளலாம். 35 கிலோ இருக்கும் நாய் 9 என்றால் 40 சதவீதம் கூடுதல்: 35ஐ 1.4ஆல் வகுத்தால் 25. அதுதான் இலக்கு. இது தோராயம்தான், போகப் போக உடல்வாகைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஓய்வில் இருக்கும் உடலுக்குத் தேவையான கலோரியைக் கணக்கிட, இலக்கு எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்க வேண்டும். மொபைல் கால்குலேட்டரில் எளிய வழி உண்டு: எடையைத் தன்னோடு மூன்று முறை பெருக்கி (25 × 25 × 25 = 15,625), இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து (125, பிறகு 11.18), 70ஆல் பெருக்குங்கள். 783 கலோரி வருகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். 10 கிலோ இலக்கு என்றால் 394, 15க்கு 534, 20க்கு 662, 30க்கு 897. கணக்கில் போட வேண்டியது இலக்கு எடை. இப்போதைய எடையைப் போட்டால் கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போட்டதாகிவிடும்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் போதும். 35 கிலோ நாய்க்கு அது 350 முதல் 700 கிராம். 1 சதவீத வேகத்தில் 25 கிலோவைத் தொட ஏறக்குறைய 8 மாதம் ஆகும். இதைக் கேட்டுச் சோர்ந்துபோகாதீர்கள், பலன் அதற்கு வெகு முன்பே தெரியும். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களில் உடல் எடை 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. 35 கிலோவில் அது இரண்டு கிலோ சொச்சம்தான்.

தட்டில் என்ன, எவ்வளவு

சாதாரண உணவையே பாதியாக்கினால் கலோரியோடு புரதமும் தாதுக்களும் வைட்டமினும் பாதியாகிவிடும். கவனிப்பில்லாமல் கிடந்த நாய்க்குக் கொழுப்பின் அடியில் தசை கரைந்திருப்பது சகஜம். முதுகுத்தண்டு, தொடை, நெற்றிப் பக்கங்களைத் தடவினால் அது புரியும். அதற்குப் புரதக் குறைவு வந்தால் எடை இறங்கும், ஆனால் இறங்குவது தசை. எடைக் குறைப்புக்கென்றே தயாரித்த மருத்துவ உணவுகளில் ஒவ்வொரு கலோரிக்கும் புரதமும் நார்ச்சத்தும் கூடுதலாக இருக்கும், முடிந்தால் அதுவே சிறந்தது. பாக்கெட்டில் 'லைட்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது, 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். வீட்டில் சமைத்துக் கொடுப்பதென்றால் கால்நடை உணவியல் தெரிந்தவர் எழுதித்தந்த அளவோடு மட்டும். குத்துமதிப்பாகச் சமைப்பதில் முதலில் குறைவது கால்சியம்.

புது உணவுக்கு மாற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற்றுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் நாயென்றால் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசியே ஆகவேண்டும்; உணவு குறைந்து இன்சுலின் அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். சினை நாய்க்கும் பாலூட்டும் நாய்க்கும் எடைக் குறைப்பே கூடாது.

783 கலோரியில் தின்பண்டத்துக்கு அதிகபட்சம் 10 சதவீதம், அதாவது 78. மீதி 705. உங்கள் உலர் உணவில் 100 கிராமுக்கு 300 கலோரி என்றால் ஒரு நாளைக்கு 235 கிராம். இதை டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். கப்பால் அளப்பதை நம்பாதீர்கள். ஒரே கப்பில் ஒருவர் தலைதட்டி எடுப்பார், இன்னொருவர் குவித்து எடுப்பார். மாதக்கணக்கில் அந்த வித்தியாசமே எடை இறங்காததற்குக் காரணமாகிவிடும்.

காலையில் அன்றைய 235 கிராமையும் நிறுத்து மூடி போட்ட ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அன்றைக்கு நாயின் வாய்க்குப் போவதெல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். மூன்று வேளைத் தட்டும், "வா" என்றதற்கு வந்ததற்கான பரிசும் அதிலிருந்தே. டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் இரண்டு தடவை சாப்பாடு போடுவது இதனால் நிற்கும். சொல்லப்போனால் இந்த முயற்சி தோற்பது நாயால் அல்ல, மேசைக்கடியில் ரகசியமாக நீளும் கைகளால்தான். அன்பாகக் கொடுப்பவரைத் திட்டிப் பயனில்லை. கொடுக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்து, டப்பாவையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கலோரிகளையும் கணக்கில் பிடியுங்கள். ரோமத்துக்கு நல்லது என்று ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அந்த நாயின் ஒரு நாள் பங்கில் ஏழில் ஒரு பாகம். மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் சீஸ், மெல்லும் குச்சிகள், பக்கத்தில் இருக்கும் பூனையின் கிண்ணம், குப்பைக்கூடை எல்லாம் இதில் சேரும்.

பசி உண்மையானது. குறிப்பாக லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாததை 2016இல் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்குச் சாப்பாட்டு மோகம் பிறவியிலேயே வருவது. பிடிவாதம் என்று கோபப்படாமல் வயிற்றை நிரப்ப வழி பாருங்கள். உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்தால் அளவு பெருகும். வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ் துண்டுகள் தின்பண்டத்துக்கு நல்ல மாற்று, ஆனால் அதற்கும் அந்த 78 கலோரிக்குள் கணக்கு. மேடு பள்ளமுள்ள தட்டு, உணவு ஒளித்துவைக்கும் பொம்மை, பாயில் பரப்பித் தேட விடுவது எல்லாம் சாப்பிடும் நேரத்தை நீட்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிடால் என்ற செயற்கை இனிப்பு கலந்த எதுவும் ஆகாது.

நடை

வலி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. மருத்துவர் எழுதித் தரும் நாய்க்கான வலி நிவாரணி மட்டும். மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும், பாராசிட்டமாலும் கல்லீரலைக் கெடுக்கலாம்.

ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை. ஒரே மூச்சில் 20 நிமிடம் போவதும் இதுவும் ஒன்றல்ல. கனத்த நாய் உங்களைப் பிரியப்படுத்தவே முடியாமல் கூட நடந்துவிடும், விலை மறுநாள் தெரியும். ஆகவே அளவுகோல் மறுநாள் காலை. எழும்போது வழக்கத்தைவிட அதிகம் விறைத்திருந்தாலோ, முதல் சில அடிகள் நொண்டினாலோ நேற்றைய நடை அதிகம். பழைய அளவுக்குத் திரும்பி ஒரு வாரம் அங்கேயே இருங்கள். விறைப்பில்லை என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

புல், மண் தரை நல்லது. கழுத்துப்பட்டையில் இழுக்காமல் மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். கழுத்துக் கொழுப்போடு மூச்சுக்குழாயும் அழுந்தினால் இருமி மூச்சுத் திணறும். பந்து வீசி ஓடவிடுவது, படியேற்றுவது, வண்டியிலிருந்து குதிக்க விடுவது மூன்றும் இப்போது வேண்டாம். சாய்வுப் பலகை வையுங்கள். தசை திரும்ப வர ஒரு எளிய பயிற்சி உண்டு: வழுக்காத தரையில் உட்கார வைத்து எழுப்புவது. ஐந்து முறை, இரண்டு வேளை. இடுப்பு ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்தால் சற்று உயரமான உறுதியான மேடையில் பின்பாகம் மட்டும் இறங்கும்படி செய்யுங்கள், பாதித் தூரம் இறங்கினாலே போதும். நீருக்குள் ஓடும் டிரெட்மில் வசதி கிடைத்தால் மிக நல்லது, நீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

வெப்பத்துக்குப் பயப்படுங்கள். நாய் முக்கியமாக மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது, கொழுப்போ போர்வையாக வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. விடியலிலும் இருட்டியபின்னும் மட்டும் வெளியே போங்கள். நாக்கு நுனி அகன்று தட்டையாகத் தொங்குவது, ஈறு அடர் சிவப்பாவது, மூச்சில் சத்தம், பின்தங்குவது, இவை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தடுமாறினாலோ வாந்தி எடுத்தாலோ உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக் காற்றுப் படவையுங்கள்; குளிர்விக்கத் தொடங்கிவிட்டு அப்புறம் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

எடை இறங்காமல் நின்றால்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீரும் மலமும் ஏறி இறங்குவதைப் பார்த்து வீணாகக் கவலைப்படுவீர்கள். கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். தசை ஏறும் காலத்தில் தராசு நகராதபோதும் டேப் நகரும்.

அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தும் எடை அசையவில்லை என்றால் உடனே உணவில் கை வைக்காதீர்கள். முதலில் மூன்று நாள் நாய் வாய்க்குப் போகும் ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் 10 சதவீதம் குறையுங்கள், அடுத்த இரண்டு வாரம் பொறுங்கள். இப்படி இரண்டு முறை குறைத்தும் நகரவில்லையென்றால் மேலும் குறைப்பது வழியல்ல. தைராய்டு, குஷிங் நோய் இரண்டையும் மறுபடி தேட வேண்டும். மாறாக வாரத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் உணவை 10 சதவீதம் ஏற்றுங்கள். நீங்கள் குறைக்காமலே மளமளவென்று இறங்கினால் மகிழ்ச்சியடையாதீர்கள், ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

கடைசிச் சில கிலோ

27, 28 கிலோ வந்ததும் நாய் துள்ளத் தொடங்கியிருக்கும், வீட்டார் "இதுவே போதும்" என்பார்கள். போதாது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கண்காணித்து 2002இல் வெளியான ஆய்வில், கூடப்பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. அந்த மற்றவையும் உருண்டு திரண்டவை அல்ல, சற்றே பூசினாற்போல இருந்தவைதான். கடைசி இரண்டு மூன்று கிலோவுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

எடை இறங்க இறங்க மருந்துகளின் அளவும் மாற வேண்டும். வலி நிவாரணி, தைராய்டு மாத்திரை, உண்ணி மருந்து எல்லாம் எடைக்குக் கணக்கிட்டவை. 35 கிலோவுக்கு எழுதியதை 27 கிலோ நாய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஹார்னஸையும் மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், தளர்ந்த ஹார்னஸிலிருந்து பயந்த நாய் பின்னோக்கி நழுவிவிடும். தள்ளிப்போட்ட கருத்தடையை இந்தக் கட்டத்தில் செய்யலாம்.

இலக்கைத் தொட்டதும் பழைய தட்டுக்குத் திரும்பாதீர்கள். ஒருகாலத்தில் பருத்திருந்த நாய்க்கு, எப்போதும் அதே எடையில் இருந்த நாயைவிடக் குறைந்த உணவே போதுமானது. 10 சதவீதம் ஏற்றி இரண்டு வாரம் பாருங்கள், இன்னும் இறங்கினால் மேலும் 10. எடை நின்ற இடத்தில் அந்தக் கிராம் கணக்கைத் தாளில் எழுதி டப்பா மூடியில் ஒட்டிவிடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். 25 கிலோ நாய் 26ஐத் தொட்டால் அந்த வாரமே அளவைக் குறையுங்கள், 28 வரை காத்திருக்காதீர்கள்.